நகல் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆஜராகி, மலைக்குப் போய், சொன்ன அளவு கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர் விழும். பிந்திப் போனாலோ எடை குறைந்தாலோ அரைப் பேர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பிவைக்கப்பட்ட எங்கள் சனம் கப்பலில் கொண்டுவந்த சொற்களில் அதுவும் ஒன்று. அரவேணுவில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் வரும் எங்கள் லயத்து வீட்டு வரிசையில், சாயங்காலமானால் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி “பேர் விழுந்துச்சா?” என்பதுதான்.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இருந்தாள். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் வயது. பிள்ளைகள் இல்லை. அவள் புருஷன் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்தார், எந்நேரமும் இருமுவார். அந்த இருமல் சுவர் தாண்டிக் கேட்கும். அப்பா செத்த பிறகு அம்மாவும் நானும் தனியாக இருந்த வருடங்களில், எங்கள் வீட்டில் என்ன குறை என்று கேட்காமலே தெரிந்துகொண்டவள் அக்கா.

என் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று மண் சரிந்து பஸ் வரவில்லை. அக்கா வேலைக்குப் போகாமல் என்னைக் குறுக்குப் பாதையில் கோத்தகிரி வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மணி நேரம் மழையில் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். அன்று அவளுக்குப் பேர் விழவில்லை. அந்தப் பரீட்சையில் வாங்கிய மார்க்கில்தான் எனக்குக் கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க இடம் கிடைத்தது. நன்றி சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் யாருக்கு என்ன செய்தேன் என்பது தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

படித்து முடித்து கோயம்புத்தூரிலேயே ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். மில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அடையாள அட்டையும், அதைப் படிக்கும் ரீடர் இயந்திரமும் செய்து கொடுக்கும் கம்பெனி. அந்த அட்டைக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு சிப் இருக்கும். பேட்டரி கிடையாது. ரீடரிலிருந்து வரும் ரேடியோ அலையில் கொஞ்சத்தை உறிஞ்சித்தான் அது உயிர் பெறும். அந்தக் கண நேரத்துக்குள் தன் நம்பரைச் சொல்லிவிட்டு மறுபடி செத்துவிடும்.

வெறும் நம்பரைச் சொல்லும் அட்டையை யாரும் நகல் எடுத்துவிடலாம். பக்கத்தில் நின்று அந்த நம்பரைக் கேட்டு, இன்னொரு வெற்று அட்டையில் எழுதினால் போதும். அதனால் அட்டைக்குள் ஒரு ரகசியச் சாவியை வைப்போம். ரீடர் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கேள்வி அனுப்பும். அட்டை அந்தச் சாவியைக் கொண்டு கேள்வியைக் குழப்பி விடையாக அனுப்பும். ஒட்டுக்கேட்டவனுக்கு அன்றைய விடை கிடைத்தாலும் நாளைய கேள்விக்கு அது உதவாது. இந்தக் குழப்புகிற முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். எந்தக் குறியாக்கத்தை வைப்பது என்று பார்ப்பதுதான் கம்பெனியில் என் வேலை. கனமான முறை என்றால் பாதுகாப்பு அதிகம், ஆனால் மின்சாரம் தின்னும். அட்டைக்குக் கிடைப்பதோ அலையில் வரும் பிச்சை.

நான் வேலைக்குச் சேர்ந்த சமயம் மலையில் தேயிலை விலை விழுந்துகொண்டிருந்தது. சின்ன விவசாயிகள் கொழுந்தை ஃபேக்டரி வாசலில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். சிலர் பறிக்கவே இல்லை. இடுப்பளவில் இருக்க வேண்டிய செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. எங்கள் ஃபேக்டரிப் புகைபோக்கியில் வாரத்தில் பாதி நாள் புகை இல்லை. லயத்துக்குக் கம்பளி கொடுப்பது நின்றது. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னால், பார்க்கலாம் என்றார்கள். யாரைக் குறைக்கலாம் என்று மேலே பட்டியல் போடுகிறார்கள் என்ற பேச்சு மட்டும் குறையவில்லை.

அப்போது ஒரு லீவில் ஊருக்கு வந்திருந்தேன். எஸ்டேட் மேனேஜர், அதாவது எங்கள் ஆட்கள் சொல்லும் தொரை, என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் வீட்டிலிருந்து யாரையும் அதற்கு முன் அந்த ஆபீசில் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. நான் உட்கார்ந்தேன்.

“நீ என்ன வேலை செய்யறேன்னு உங்கம்மா சொன்னாங்க. வேலைக்கு வராதவங்களுக்கெல்லாம் செக்ரோல் ரிஜிஸ்டர்ல பேர் ஏறுது. எழுதறவனை நம்ப முடியலை. யாரும் ஏமாத்த முடியாதபடி ஒரு சிஸ்டம் பண்ணித் தர முடியுமா?”

“முடியும் சார்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அந்த நாற்காலி என்னை யோசிக்க விடவில்லை.

அந்த ஆர்டரைக் கம்பெனிக்குக் கொண்டுவந்தது நான்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் போய்ச் சோதனை செய்தேன். மில் வாசலில் சுலபமாக வேலை செய்த அட்டை அங்கே ஊமையாகிவிட்டது. பெண்கள் தலையில் சாக்கோடு வரிசையில் வருவார்கள். இரண்டு கையும் சாக்கைப் பிடித்திருக்கும். அட்டையை எடுத்துக் காட்டக் கை இருக்காது. கழுத்தில் தொங்கும் அட்டையை ஒரு முழம் தள்ளியிருக்கும் ரீடர் தானாகப் படிக்க வேண்டும். ஆனால் நனைந்த சாக்கு, நனைந்த கம்பளி, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள், அதன் மேல் வழியும் மழைத்தண்ணீர், தராசின் இரும்புத் தட்டு என்று எல்லாமாகச் சேர்ந்து அலையைத் தின்றன. சிப்புக்குப் போய்ச் சேருவது சொட்டு மின்சாரம்தான்.

ஐந்து மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். உலகம் முழுக்க நிபுணர்கள் உடைக்கப் பார்த்துத் தோற்ற ஒரு பழைய குறியாக்கம் இருந்தது. அதன் முறை ஊரறிந்தது. சாவி மட்டும்தான் ரகசியம். கனமானதுதான். ஆனால் எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் செய்யாமல், ஒரே சின்னச் சுற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித் துண்டு துண்டாகக் கணக்கிட்டால், குறைந்த மின்சாரத்திலேயே அதை ஓட்டிவிடலாம். விடை வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு ஐப்பசி மழையில், ஷெட்டில் அம்மாவையே சாக்கோடு நிற்கவைத்துப் பார்த்தேன். அம்மா மூச்சு இழுத்து விடுவதற்குள் ரீடரில் பச்சை விளக்கு எரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் வந்ததில்லை.

முதலாளி மேட்டுப்பாளையம் பக்கத்து ஆள். கோபப்படவே மாட்டார். நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் புரட்டிவிட்டு மேசை மேல் வேறொரு சிப்பை வைத்தார்.

“நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க அம்மிணி. ஆனா அந்தச் சிப்பை நாமளே டிசைன் பண்ணிச் செய்யச் சொல்லோணும். அதுக்கு வருசமாகும். இது ரெடியாக் கெடைக்குது. பச்சை லைட்டு சட்டுன்னு எரியுது.”

“இதுல என்ன முறைன்னு கேட்டீங்களா சார்?”

“அது சொல்ல மாட்டாங்க. ரகசியமாமா. ரகசியமா இருந்தா நல்லதுதானுங்களே?”

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. முறையையே மறைத்து வைப்பவர்கள் பெரும்பாலும் அது பலவீனம் என்பதால்தான் மறைக்கிறார்கள் என்றேன். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் எவனாவது சிப்பைச் சுரண்டிப் பார்த்து முறையைக் கண்டுபிடிப்பான், அன்றைக்கு எல்லா அட்டையும் ஒன்றாகப் போகும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“கொழுந்து பறிக்கற பொம்பளைங்க அட்டையை எவன் அம்மிணி சுரண்டப் போறான்? இது என்ன பேங்க்கு லாக்கரா?”

அந்த வாக்கியம் எனக்குச் சுருக்கென்று குத்தியது. பதில் சொல்லியிருக்க வேண்டும். கொழுந்து பறிக்கிறவளுக்கு அதுதான் லாக்கர் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவர் அதை டிராயரில் வைத்தார். அதோடு இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனிச் சாவி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அட்டையில் சாவியை ஏற்றுகிறவர்களுக்கு நேரமாகிறது என்று எல்லா அட்டைக்கும் ஒரே சாவியைப் போட்டுவிட்டார்கள். தெரிந்தது. கேட்டேன். “அடுத்த ஆர்டர்ல பாத்துக்கலாமுங்க” என்றார். சோதனை அறிக்கையின் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஐந்து மாத வேலை வீணாகிவிட்டதே என்ற எரிச்சல்தான் அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது. அம்மாவின் கழுத்திலும் அக்காவின் கழுத்திலும் தொங்கப்போகும் அட்டை அது என்ற நினைப்பு அதற்குப் பின்னால்தான் வந்தது. ரொம்பப் பின்னால்.

அட்டை கொடுத்த அன்று நான்தான் ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டிவிட்டேன். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இனிமே கணக்கப்பிள்ளைகிட்ட தொங்க வேணாம் இல்ல புள்ள? பேர் தானா விழுந்துரும்?”

“தானா விழுந்துரும்க்கா.”

கணக்கப்பிள்ளை என்பவர் டிவிஷனில் வருகை எழுதும் ஆள். அவர் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை என்றிருந்த காலம் முடிந்தது என்று எல்லாப் பெண்களுக்கும் சந்தோஷம். அவரும் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வருடம் சித்திரையில் அக்காவின் புருஷனுக்கு இருமலில் ரத்தம் வந்தது. கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினாறு நாள் அங்கேயே வராந்தாவில் கிடந்தாள். நான் ஹாஸ்டலிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை போனேன். அவள் அங்கேதான் இருந்தாள் என்பதற்கு நானே சாட்சி.

அவள் ஊருக்குத் திரும்பிய வாரத்தில் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. லீவு எழுதிக் கொடுத்திருந்த பதினாறு நாளில் பதினோரு நாள் அவளுடைய அட்டை நிறுவை ஷெட்டில் பதிவாகியிருக்கிறது. கொழுந்தும் நிறுத்திருக்கிறது. அப்படியென்றால் அட்டையை வேறு யாரிடமோ கொடுத்து ஆள்மாறாட்டம் செய்திருக்கிறாள், இது மோசடி, வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது?

அம்மா போன் செய்தாள். “அவ அட்டை ஆஸ்பத்திரியில அவ கழுத்துலதாண்டி இருந்துச்சு. நீயும் பாத்தேல்ல?”

பார்த்திருக்கிறேனா? கழுத்தில் கயிறு தெரிந்தது நினைவிருக்கிறது. அட்டையைப் பார்த்தேனா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அட்டைக்கு நகல் இருக்க முடியும் என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

விசாரணைக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வரச் சொன்னார்கள். முதலாளியும் நானும் ஜீப்பில் போனோம். குஞ்சப்பனை தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார்.

“நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. இங்க நகல் எடுக்கலாம்னு சொல்லிட்டா நாளைக்கு மில்லுக்காரன் எல்லாம் அட்டையைத் திருப்பிக் குடுப்பான். பதினஞ்சு குடும்பம் அம்மிணி. உங்க வேலையும் அதுலதான் இருக்குது.”

“அவங்க எங்க பக்கத்து வீட்டு அக்கா சார்.”

“அதுக்காகப் பொய் சொல்லச் சொல்லலைங்க. நம்ம அட்டையை இதுவரைக்கும் எவனாவது நகல் எடுத்திருக்கானா? இல்லையில்ல? அதைச் சொல்லுங்க, போதும்.”

ஆபீசில் தொரையும் பெரிய கிளார்க்கும் தொழிற்சங்கத் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை சுவரோரமாக நின்றார். அக்கா நடுவில் நின்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள்.

தொரை கேட்டார். “ஒரே கேள்விதான். இந்த அட்டையை நகல் எடுக்க முடியுமா?”

எனக்குத் தெரிந்த பதில் இருந்தது. ஒரே வார்த்தை. நான் சொன்னது இதுதான்:

“இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லை சார்.”

கிளார்க் பேனாவை எடுத்தார். “அப்ப, முடியாதுன்னு எழுதிக்கவா?”

நான் பேசவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால், என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தன் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

“நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நாந்தான் ஒருவேளை எங்கயாச்சும் விட்டுட்டுப் போனேனோ என்னமோ. அப்ப எனக்கு ஒண்ணும் நெனவில்ல.”

அதையும் கிளார்க் எழுதிக்கொண்டார். ஒப்புக்கொண்டதாக.

மோசடிக்காக நீக்கினால் இத்தனை வருடம் உழைத்ததற்கு எஸ்டேட் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்று எனக்கு அன்று தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு மாதத்தில் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அக்கா புருஷனை எழுப்பி உட்காரவைத்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, திருப்பூரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். அம்மாதான் அரவேணு வரைக்கும் சாக்கைச் சுமந்துபோய் பஸ் ஏற்றிவிட்டாள். அந்த வார லீவில் நான் ஊருக்குப் போகவில்லை.

அதற்கடுத்த வாரம் போனபோது அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அட்டை பொய் சொல்லாதாடி?”

அம்மாவின் பழைய அட்டை ஒன்று, மூலை உடைந்ததால் மாற்றியது, வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தேன். கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வர மாட்டார்கள். ரீடருக்கும் அட்டைக்கும் நடுவே ஓடும் பேச்சைப் பதிவு செய்தேன். அந்தச் சிப்பும் ரீடருக்கு ஒரு எதிர்க்கேள்வி எண் அனுப்பும்; ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதாக நடிக்கும் அந்த எண், உண்மையில் மின்சாரம் வந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து உண்டாவது. ஒரே நேர இடைவெளியில் கேட்டால் ஒரே எண் திரும்ப வந்தது. அதைப் பிடித்ததும் மற்றது தானாக அவிழ்ந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் சாவி என் திரையில் இருந்தது. பேங்க் லாக்கரைத் திறந்த மாதிரி பெருமைப்படவா முடியும்? மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன்.

வெற்று அட்டையில் அம்மாவின் அட்டை நகலை ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை நேரே நிறுவை ஷெட்டுக்குப் போனேன். அங்கேதான் அடுத்தது காத்திருந்தது. தராசுக்குப் பின்னால் அலமாரியில், எங்கள் கம்பெனி முத்திரையோடு ஒரு பெட்டி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அட்டை ஏற்றுவதற்காக எங்கள் ஆட்கள் விட்டுவிட்டுப் போன எழுதும் கருவி. அந்த ஒரே சாவி அதற்குள் இருந்தது. வெற்று அட்டையை வைத்து எந்த நம்பரைத் தட்டினாலும் அந்த ஆள் தயார்.

“இது யாருகிட்ட இருக்கும்?” என்று நிறுக்கிற ஆளைக் கேட்டேன்.

“கணக்கப்பிள்ளைகிட்டத்தானுங்க. பெட்டிச் சாவி அவருகிட்ட இருக்குதுங்க. நீங்க குடுத்ததுதானுங்களே?”

குறியாக்கத்தை உடைக்க என்னைப் போல் ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார வேண்டிய தேவையே அவருக்கு இருந்திருக்காது. பெட்டியைத் திறந்து, லீவில் போனவளின் நம்பரைத் தட்டி, வேறொருத்தி கழுத்தில் மாட்டி, விழுகிற பேருக்கான கூலியைப் பங்கு போட்டுக்கொண்டால் முடிந்தது. முன்பு பேனாவால் செய்ததை இப்போது எங்கள் கருவியால் செய்ய முடியும். வித்தியாசம் ஒன்றுதான்: பேனாவால் எழுதியதைச் சண்டை போட்டு மறுக்கலாம்.

அங்கிருந்து ஆபீசுக்குப் போய், தொரையின் மேசையில் அட்டையை வைத்து, அவர் அறையில் இருந்த ரீடரில் காட்டினேன். திரையில் அம்மாவின் பெயர் வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் அம்மா எதிர் மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார்.

“இதை வேற யார்கிட்ட காட்டினே?”

“யார்கிட்டயும் இல்லை சார். அந்த அக்காவைத் திரும்ப…”

“அன்னிக்கு என் முன்னாடி உக்காந்து என்ன சொன்னே?”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“ஃபேக்டரி அடுத்த மாசம் ஓடுமான்னே தெரியலை. இப்ப போய் அட்டை எல்லாம் தப்புன்னு சொன்னா ஒரு வருஷத்து செக்ரோல் மொத்தமும் சந்தேகம். இன்னும் எத்தனை பேரு வருவாங்க தெரியுமா? நீ போம்மா. உங்கம்மாவுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குல்ல.”

அவர் சத்தம் போடவில்லை. கடைசி வாக்கியத்தை அக்கறையாகச் சொல்வது போலத்தான் சொன்னார்.

கம்பெனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதையும் டிராயரில் வைத்தார். பிறகு சங்கத் தலைவரிடம் போய், நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “இதை அன்னைக்கே வாயால சொல்லியிருந்தா பேப்பரே தேவைப்பட்டிருக்காதேம்மா” என்றார். லேபர் கோர்ட்டில் வழக்குப் போட அக்காவின் கைநாட்டு வேண்டும். வாங்கி வர நானே திருப்பூர் போனேன்.

ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். தலைமுடியில் பஞ்சு. புருஷன் போன மாதம் செத்துவிட்டார் என்றாள். எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: அட்டை, சாவி, பெட்டி.

“அப்ப நான் எங்கயும் விட்டுட்டுப் போகல?”

“இல்லக்கா.”

“எத்தன நாளு அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன் தெரியுமா. ஆஸ்பத்திரியில அவரு பக்கத்துல இருக்கும்போது என் புத்தி எங்க போச்சு, எங்க வச்சேன்னு. அவரு சாகும்போதுகூட அதத்தான் கேட்டாரு, எங்கடி வச்சேன்னு.” தலைமுடிப் பஞ்சைத் தட்டிவிட்டாள். “ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்க்கா.”

பைக்குள்ளிருந்து காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்தேன். அவள் கட்டைவிரலை வைத்தாள். விரலைத் துடைக்க என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்காமல் தன் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வழக்கு பல வாய்தாக்கள் போனது. என் முறை வந்தபோது எஸ்டேட் தரப்பு வக்கீல் கேட்டார்: “யாரும் நகல் எடுத்ததில்லைன்னு விசாரணையில சொன்னது நீங்கதானே? இப்ப எடுக்கலாம்னு சொல்றதும் நீங்கதானே? இதுல எது பொய்?”

“ரெண்டும் உண்மைதான் சார்” என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி என்னைக் கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். நான் அந்தக் கூண்டில் நின்றபோதுதான், அன்று தொரையின் ஆபீசில் அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தேன் என்பது எனக்கே முழுதாகப் புரிந்தது. ஒரு குறியாக்கத்தைத் தேர்ந்தெடுப்பது போல. எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தாலும் உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி.

தீர்ப்பு அக்கா பக்கம் வந்தது. நீக்கியது செல்லாது, மறுபடி வேலை கொடுக்க வேண்டும் என்று. ஆனால் அதற்குள் எஸ்டேட் கை மாறிவிட்டது. எங்கள் டிவிஷனை மூடிவிட்டார்கள். நிறுவை ஷெட்டுக்குத் தகரமே இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தேயிலைச் செடிகளின் மேல் உண்ணிச் செடி ஏறிப் படர்ந்துவிட்டது. புது முதலாளி மேல்முறையீடு செய்தார். அது இன்னும் ஏதோ ஒரு காகிதக் கட்டுக்குள் தூசியோடு கிடக்கிறது. கணக்கப்பிள்ளை கூடலூர்ப் பக்கம் வேறொரு எஸ்டேட்டில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர்தான் செய்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, அந்தப் பெட்டியைத் தவிர. பெட்டி எங்களுடையது.

அம்மா இப்போது என்னோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். நான் வேறு இடத்தில், கிட்டத்தட்ட அதே வேலைதான் பார்க்கிறேன். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. அக்கா பத்து நாளுக்கு ஒருமுறை போன் செய்வாள். அம்மாவும் அவளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். சில சமயம் அம்மா வாய்விட்டுச் சிரிப்பது சமையலறை வரை கேட்கும். அம்மா குளித்துக்கொண்டிருந்தால் போனை நான்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

“நல்லாருக்கீங்களாக்கா?” என்பேன்.

“ம். அம்மா இல்லையா? வந்ததும் பேசச் சொல்லு” என்பாள். வைத்துவிடுவாள்.